உப்பு மூட்டையோடு அளவையும் சேர்த்துக் கொடுப்போம்

உப்பு வியாபாரத்தில் பெரிய லாபம் கிடையாது. இடத்தை அடைக்கும், மழைக்காலத்தில் கசியும், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். இரவில் கடையைப் பூட்டிய பிறகும் வாசலிலேயே கிடக்கும் சரக்கு உப்பு மூட்டைதான். ஆனாலும் உப்பு இல்லை என்று சொல்லும் மளிகைக் கடை எந்த ஊரிலும் நிலைத்ததில்லை.

அந்த உப்புக்கு இப்போது புதிதாக ஒரு வாடிக்கையாளர் வருகிறார். அவருக்கு வேண்டியது ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ அல்ல. மூட்டைக் கணக்கில் வேண்டும். சமையலுக்கு அல்ல, ஊறுகாய்க்கு அல்ல, கருவாட்டுக்கும் அல்ல. வீட்டு நீச்சல் குளத்தில் போடுவதற்கு. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் பண்ணை வீடு கட்டியவர்கள், கோவைப் பக்கம் தோட்ட வீடு வைத்திருப்பவர்கள், ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் விடுதி நடத்துபவர்கள் ஆகியோரில் சிலர் "உப்புநீர்க் குளோரினேட்டர்" என்ற கருவியைப் பொருத்துகிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் வீட்டுக்கு வீடு பரவிய முறை இது. கருவியைப் பொருத்திய கம்பெனிக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். உப்பும், ஆசிட்டும், ஆப்ப சோடாவும் வாங்கக் குளத்துக்காரர் நம்மிடந்தான் வருவார். தண்ணீர் பச்சையாகிவிட்டால் காரணம் கேட்கவும் நம்மிடந்தான் வருவார்.

இந்தச் சரக்கை நாம் தாராளமாக விற்கலாம் என்பதே நம் கருத்து. ஆனால் அளக்காமல் விற்கக்கூடாது. குளத்துக்காரர் "இன்னும் இரண்டு மூட்டை அனுப்புங்கள்" என்று சொன்னவுடன் பில் போடுவது சுலபம். "அளந்து பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பதுதான் வியாபாரம். அப்படிக் கேட்பதற்கு அந்தக் கருவி என்ன செய்கிறது என்பது நமக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

கருவி செய்யும் வேலை

உப்புநீர்க் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம் என்று பலர் நினைக்கிறார்கள். விற்பவர்களில் சிலரும் அப்படியே சொல்கிறார்கள். இது தவறு. உப்புநீர்க் குளமும் குளோரின் குளம்தான். வெளியே வாங்கிப் போடும் குளோரினுக்குப் பதிலாக, குளத்து நீரில் உள்ள உப்பிலிருந்தே குளோரினைத் தயார் செய்துகொள்கிறது; வேறுபாடு அவ்வளவுதான்.

உப்பு என்பது சோடியம் குளோரைடு. வடிகட்டியைத் தாண்டி வரும் தண்ணீர், கருவியின் "செல்" எனப்படும் குழாய்க்குள் புகுந்து வெளியேறுகிறது. அதற்குள் டைட்டானியம் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். தகடுகளின் மேல் ருத்தேனியம், இரிடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களின் ஆக்சைடு பூச்சு இருக்கும். தகடுகளில் நேர் மின்சாரம் பாயும்போது உப்புநீரிலிருந்து குளோரின் பிறந்து, அங்கேயே தண்ணீரில் கரைந்து, கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. கூடவே ஹைட்ரஜன் வாயு குமிழிகளாக வெளிவருகிறது. குளோரின் தன் வேலையை முடித்ததும் மீண்டும் குளோரைடாக, அதாவது பழையபடி உப்பாக, மாறிவிடுகிறது. அதே உப்பு மறுபடி செல்லுக்குள் போய் மறுபடி குளோரின் ஆகிறது.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குளோரின் தயாரிப்பதால் உப்பு தீர்ந்துபோவதில்லை. வெயிலில் தண்ணீர் ஆவியானாலும் உப்பு குளத்திலேயே தங்கிவிடும். வடிகட்டியைக் கழுவித் தண்ணீரை வெளியேற்றும்போதும், குளிப்பவர்கள் வாரியிறைக்கும்போதும், மழையில் குளம் நிரம்பி வழியும்போதும், எங்காவது கசியும்போதும்தான் உப்பு குறைகிறது. ஆகவே மாதந்தோறும் தவறாமல் உப்பு மூட்டை கேட்கும் குளத்துக்காரரிடம், "குளம் எங்காவது ஒழுகுகிறதா பாருங்கள்" என்று சொல்வதே முறை. அதனால் நமக்கு இரண்டு மூட்டை விற்பனை குறையலாம். அவருடைய குளம் தப்பும்; அவரும் நம் கடையை விட்டுப் போகமாட்டார்.

எத்தனை மூட்டை?

பெரும்பாலான கருவிகளுக்கு 10 லட்சத்தில் சுமார் 3,000 பங்கு, அதாவது 3,000 பி.பி.எம். அளவுக்கு உப்பு தேவை. லிட்டருக்கு 3 கிராம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். சரியான எண் கருவிக்குக் கருவி மாறும்; கருவியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கடல்நீரில் இருப்பது ஏறக்குறைய 35,000 பி.பி.எம். நம் கண்ணீரில் 9,000 பி.பி.எம். ஆகவே குளத்து நீர் கடல் போலக் கரிக்காது, கண்ணும் எரியாது.

நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் உள்ள ஒரு வீட்டுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 48 கன மீட்டர். அதாவது 48,000 லிட்டர். லிட்டருக்கு 3 கிராம் வீதம் 144 கிலோ உப்பு. 50 கிலோ மூட்டையில் மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவு.

ஆனால் இந்தக் கணக்கு உப்பே இல்லாத தண்ணீருக்குப் பொருந்தும். நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதிலும் கடலோரத்தில், ஏற்கெனவே உவர்ப்பாக இருக்கிறது. கிணற்று நீரிலேயே 1,000 பி.பி.எம். உப்பு இருந்தால், மேற்சொன்ன குளத்துக்கு வேண்டியது 96 கிலோதான். மூன்றாவது மூட்டையைக் கொட்டினால் அளவு மீறிவிடும். கொட்டிய உப்பைத் தண்ணீரிலிருந்து திரும்ப எடுக்க வீட்டில் எந்த மருந்தும் கிடையாது. தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவது ஒன்றே வழி. 3,000 இருக்க வேண்டிய இடத்தில் 4,500 ஆகிவிட்டால் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 16,000 லிட்டரை, மாற்றியாக வேண்டும். சித்திரை வெயிலில் லாரித் தண்ணீர் வாங்குகிறவருக்கு அது என்ன செலவு என்று நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே உப்பு கேட்டு வருபவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. குளத்தின் கொள்ளளவு என்ன? தண்ணீரில் இப்போது உப்பு எவ்வளவு? கருவிக்கு வேண்டிய அளவு எவ்வளவு? மூன்றுக்கும் பதில் இருந்தால் மூட்டைக் கணக்கை நாமே சிட்டையில் போட்டுக் கொடுத்துவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் முதலில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லலாம். உப்பு அளக்கும் சிறு மீட்டர்களும் சோதனைப் பட்டைகளும் இப்போது கிடைக்கின்றன. இந்தச் சரக்கை வைக்க விரும்பும் கடையில் தராசு எப்படி அவசியமோ, அப்படி அந்த மீட்டரும் அவசியம் என்று கருதுகிறோம்.

போடும் முறையையும் சொல்லி அனுப்ப வேண்டும். கருவியை நிறுத்திவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டு, உப்பைக் குளத்தில் பரவலாகத் தூவ வேண்டும். அடியில் குவிந்ததைப் பிரஷ்ஷால் கலைத்துவிட வேண்டும். முழுவதும் கரைந்து ஒரு நாள் கலந்த பிறகே கருவியைப் போட வேண்டும். புதிதாகச் சிமென்ட் பூசிய குளமானால் பூச்சு இறுகுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தே உப்பு போடுவது நல்லது.

எந்த உப்பு?

இதில் நம் தொழிலுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சமையலுக்கு விற்கும் தூள் உப்பில் அயோடின் சேர்ந்திருக்கும்; கட்டி தட்டாமலிருக்க வேறு சில பொருள்களும் சேர்த்திருப்பார்கள். அயோடின் அளவு மிகச் சிறிது. அதனால் குளத்துக்குப் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள்களில் சில, குளத்தின் பூச்சில் கறை படியக் காரணமாகலாம். தவிர, அயோடின் உப்பின் விலையைக் கொடுத்துக் குளத்தில் கொட்டுவதில் பொருளில்லை.

மறுபுறம், உப்பளத்திலிருந்து வந்தபடியே இருக்கும் கழுவாத கல்லுப்பு விலை குறைவு. ஆனால் அதில் மண்ணும், கால்சியம், மெக்னீசியம் உப்புகளும் கலந்திருக்கும். மண் வடிகட்டியை அடைக்கும். கால்சியம் செல் தகட்டில் சுண்ணாம்பாகப் படியும். ஆகவே 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமான, அயோடின் சேர்க்காத, கழுவிச் சுத்திகரித்த உப்பே குளத்துக்கு ஏற்றது. தூத்துக்குடி மொத்த வியாபாரிகளிடம் தொழிற்சாலை உபயோகத்துக்கென இத்தகைய உப்பு கிடைக்கிறது. தண்ணீர் மென்மையாக்கும் கருவிகளுக்கு வாங்குகிறவர்களும் இதையே வாங்குகிறார்கள்.

அயோடின் சேர்க்காத உப்பு கடைக்குள் வருகிறது என்றால் சட்டத்தை நினைவில் வைக்க வேண்டும். மனிதர் நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பதும், விற்பனைக்கு வைத்திருப்பதும் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டுள்ளது. தொழிற்சாலை உபயோகம், கால்நடை உபயோகம் போன்றவற்றுக்கு, அதற்குரிய முத்திரை வாசகத்துடன் வைத்திருக்க அனுமதி உண்டு. ஆகவே மூட்டையில் வாசகம் இருக்கிறதா என்று கொள்முதலின்போதே பார்த்து வாங்க வேண்டும். உண்ணும் உப்போடு சேர்த்து அடுக்காமல் தனியாக வைக்க வேண்டும். பில்லிலும் "உண்பதற்கு அல்ல" என்று எழுதிவிட வேண்டும். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கவே கூடாது. விலை மலிவு என்று அந்த உப்பு ஒரு சாப்பாட்டுக் கடைக்கோ, ஒரு ஏழை வீட்டு அடுக்களைக்கோ போய்விட்டால், கழுத்துக்கழலை நோயைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாட்டையே நாம் நம் கையால் கெடுத்தவர்கள் ஆவோம். அபராதம் வருமே என்ற பயத்தைவிட இந்த நினைப்பு நமக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

தண்ணீர் பச்சையானால்

"உப்பு போட்டும் தண்ணீர் பச்சையாகிறது, இன்னும் உப்பு கொடுங்கள்" என்பதே குளத்துக்காரர் வழக்கமாகக் கொண்டுவரும் குறை. உப்பு குறைந்தால் கருவி குளோரின் தயாரிப்பது குறையும் என்பது உண்மைதான். ஆனால் உப்பு சரியாக இருந்தும் குளோரின் குறைய வேறு பல காரணங்கள் உண்டு.

முதலாவது, கருவி ஓடும் நேரம். மணிக்கு 20 கிராம் குளோரின் தயாரிக்கும் செல் 8 மணி நேரம் ஓடினால் 160 கிராம் கிடைக்கும். நாம் முன்பு சொன்ன 48,000 லிட்டர் குளத்தில் அது 3 பி.பி.எம்.-க்குச் சற்று அதிகம். சுமார் அரை கிலோ நல்ல பிளீச்சிங் பவுடருக்குச் சமம். மின்செலவுக்குப் பயந்து 2 மணி நேரம் மட்டும் பம்பை ஓடவிட்டால் கால் பங்குதான் கிடைக்கும். எத்தனை மூட்டை உப்பு கொட்டினாலும் ஈடாகாது. மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, வெயில். நம் ஊர் வெயிலில் பாதுகாப்பில்லாத குளோரின் சில மணி நேரத்துக்குள் பெரும்பகுதி அழிந்துவிடும். அதைக் காக்கவே சயனூரிக் அமிலம் எனப்படும் "ஸ்டெபிலைசர்" சேர்க்கிறார்கள். 30 முதல் 50 பி.பி.எம். வரை என்பது பொதுவான அளவு. உப்புநீர்க் குளங்களுக்குச் சில கம்பெனிகள் இதைவிடச் சற்று அதிகம் சொல்கின்றன. இதுவும் அளவு மீறினால் குளோரினின் வேகத்தையே குறைத்துவிடும். தண்ணீரை மாற்றினால்தான் குறையும்.

மூன்றாவது, தண்ணீரின் பி.எச். அளவு. இது 7.2-க்கும் 7.8-க்கும் இடையே இருக்க வேண்டும். 7.5-இல் குளோரினில் ஏறத்தாழப் பாதி சுறுசுறுப்பாக வேலை செய்யும். 8-க்குப் போனால் கால் பங்குதான் வேலை செய்யும். உப்புநீர்க் குளத்தில் பி.எச். தானாகவே ஏறிக்கொண்டிருக்கும், இது இந்த முறையின் இயல்பு. அதனால்தான் இந்தக் குளத்துக்குப் பிளீச்சிங் பவுடர் தேவை குறைந்தாலும் ஆசிட் தேவை தொடர்கிறது. மாறாக, தண்ணீரின் காரத்தன்மை போதாமல் பி.எச். நிலையில்லாமல் ஆடினால் அதற்கு மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. ஆப்ப சோடாதான் அது.

நான்காவது, குளிர். தண்ணீரின் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கினால் பல கருவிகள் உற்பத்தியைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். மலையூர் விடுதிக்காரர்கள் மார்கழியில் இதை உப்புக் குறைவு என்று எண்ணி மூட்டை மூட்டையாகக் கொட்டிவிடக்கூடாது.

ஐந்தாவது, மழை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளம் நிரம்பி வழிந்தால் உப்பும் ஸ்டெபிலைசரும் சேர்ந்தே குறையும். மழை ஓய்ந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்ல வழக்கம்.

குளத்தில் இருக்க வேண்டிய குளோரின் அளவு பொதுவாக 1 முதல் 3 பி.பி.எம். வரை, ஸ்டெபிலைசர் சேர்த்த குளத்தில் 2-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. இன்னொன்றையும் வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டும். குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் குளோரின் அதிகமாகிவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் நிலைமை நேர்மாறானது. வியர்வை, சிறுநீர் முதலிய அழுக்கோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த வாடைக்குக் காரணம். குளோரினை ஒரேயடியாகக் கூட்டி அந்த அழுக்கை எரிப்பதே அதற்குப் பரிகாரம்.

ஆசிட் விற்பனையில் எச்சரிக்கை

இந்தக் குளத்துக்கு வேண்டிய பொருள்களில் நாம் மிகவும் பயந்து விற்க வேண்டியது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். பி.எச். குறைக்கவும், செல்லைக் கழுவவும் அது தேவைப்படுகிறது.

2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம், ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண்ணொருவர் தொடுத்த வழக்கில், கடையில் ஆசிட் விற்பது குறித்துக் கடுமையான கட்டளைகள் பிறப்பித்தது. வாங்குபவரின் விவரமும், விற்ற அளவும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். முகவரியுடன் கூடிய அரசு அடையாள அட்டையைப் பார்த்து, என்ன காரணத்துக்கு வாங்குகிறார் என்று கேட்டுத்தான் விற்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. இருப்பு விவரத்தை வருவாய்க் கோட்ட அளவிலான நிர்வாக நடுவரிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத சரக்கு பறிமுதல் ஆவதோடு 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இவை தவிர 1919-ஆம் ஆண்டின் விஷப்பொருள் சட்டத்தின்கீழ் மாநில விதிகளும் உரிம முறையும் இருக்கின்றன. தெரிந்த முகம், பழைய வாடிக்கை, "பண்ணை வீட்டுக் காவல்காரர்தானே" என்றெல்லாம் பாராமல் பதிவேட்டை எழுதுவதில் வெட்கமோ கூச்சமோ தேவையில்லை. ஒரு பெண்ணின் முகத்தையும் வாழ்வையும் அழிக்கும் பொருள் நம் அலமாரியில் இருக்கிறது என்பதை ஒருநாளும் மறக்கலாகாது. அந்தப் பதிவேட்டை வைத்து நடத்த முடியாத கடை ஆசிட் வியாபாரத்தையே விட்டுவிடுவது மேல்.

அடுத்தது அடுக்கும் முறை. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் படைவீரர்களை மூச்சுத் திணறிச் சாகடித்த அதே வாயு. ஓட்டை விழுந்த ஒரு ஆசிட் கேனும், கிழிந்த ஒரு பிளீச்சிங் பவுடர் மூட்டையும் அடுத்தடுத்து இருந்தால் போதும். நம் கிடங்கே போர்முனையாகிவிடும். நீச்சல் குளத்துக்கென விற்கும் குளோரின் மாத்திரைகளையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலப்பதும் தீப்பற்றவும் வெடிக்கவும் இடம் கொடுக்கும். ஆகவே இந்த மூன்றும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றொன்றை அள்ளக்கூடாது. ஆசிட் கேன் தரை மட்டத்தில், உணவுப் பண்டங்களுக்குத் தொலைவில், காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

செல்லின் ஆயுள்

கருவியில் விலை உயர்ந்த பாகம் செல். சரியாகப் பராமரித்தால் பொதுவாக 3 முதல் 7 ஆண்டுகள் உழைக்கும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். ஆதலால் தகடுகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து உற்பத்தி குறையும். மின்சாரத்தின் திசையை அவ்வப்போது மாற்றித் தானே படிவை உதிர்க்கும் கருவிகள் உண்டு. அவற்றையும் சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

படிவு இருந்தால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு பங்கு ஆசிட்டுக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் கருவியின் புத்தகம் சொல்லும் நேரம் வரை ஊறவைத்துக் கழுவலாம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். கத்தி, இரும்புப் பிரஷ் கொண்டு சுரண்டினால் விலையுயர்ந்த பூச்சு போய்விடும். அதோடு செல்லும் போய்விடும். தேவையில்லாமல் அடிக்கடி ஆசிட்டில் ஊறவைப்பதும் பூச்சை அரிக்கும்.

தண்ணீர் ஓடாதபோது செல்லில் மின்சாரம் பாயாமல் தடுக்க ஒரு சுவிட்ச் உண்டு. அது தொல்லை கொடுக்கிறது என்று வயரை நேரடியாக இணைத்துவிடும் எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். தண்ணீர் ஓடாவிட்டால் ஹைட்ரஜன் வாயு உள்ளேயே சேர்ந்து வெடிக்கக்கூடும். எர்த் இணைப்பும், மின்கசிவைத் தடுக்கும் சுவிட்சும் இல்லாத இடத்தில் இக்கருவியை ஓட்டவே கூடாது.

உப்புநீர் தெறிக்கும் இடத்தில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மென்மையான சுண்ணாம்புக் கற்கள் பொரியும். குளத்திலிருந்து வெளியேற்றும் உப்புநீரை வாழைத் தோட்டத்துக்கோ கிணற்றுப் பக்கமோ விடக்கூடாது. கருவி வாங்குமுன் வாடிக்கையாளர் நம்மிடம் யோசனை கேட்டால் இவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் நிரப்பும் சிறிய குளத்துக்கு இந்தக் கருவி தேவையில்லை. அளந்து போடும் சாதாரணக் குளோரினே போதும். தினமும் உபயோகமாகும், ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் குளத்துக்கு இது வசதியானது. ஆனால் "பராமரிப்பே வேண்டாம்" என்ற வாசகத்தை நம் வாயால் சொல்லக்கூடாது.

நம்மவர் கேட்கும் கேள்வி

"நாம் மளிகை வியாபாரிகள்தானே, இதெல்லாம் கம்பெனிக்காரர் பொறுப்பல்லவா?" என்று நம்மவர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பில் புத்தகம், வரிக் கணக்கு, உரிமம் புதுப்பித்தல் என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருக்கும்போது பி.எச். கணக்கும் வேண்டுமா என்று தோன்றுவது இயற்கை.

ஆனால் பெரிய அங்காடிகளும், வீட்டுக்கே அனுப்பும் கம்பெனிகளும் நம்மைவிட மலிவாக மூட்டையை இறக்கிவிடும் காலம் இது. விலையில் அவர்களோடு மோதி நாம் ஜெயிப்பது அரிது. "உங்களுக்கு இந்த மூட்டை தேவையில்லை, முதலில் அளந்து பாருங்கள்" என்று சொல்லும் கடை அவர்களிடம் இல்லை. எந்த அரிசி பழையது, எந்தப் பருப்பு குழையும் என்று சொல்லித்தான் நம் தகப்பனார்கள் வாடிக்கை பிடித்தார்கள். அந்தப் பழைய வழக்கம்தான் இங்கேயும் தேவைப்படுகிறது, சரக்குதான் புதிது. தவிர, அந்தக் குளத்தில் இறங்கி விளையாடப் போகிறவை குழந்தைகள். அளவு தவறினால் அவர்கள் கண்ணும் தோலும் வயிறும் கெடும்.

ஆகவே நம் உறுப்பினர்களுக்கு வேண்டுகோளாகச் சில சொல்கிறோம். குளத்து உப்பு விற்கும் கடைகள் உப்பு மீட்டர் ஒன்றும், குளோரின், பி.எச். பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றும் வாங்கி வைக்கலாம். தெருவுக்குத் தெரு வாங்க இயலாவிட்டால் ஊர்ச் சங்கத்தின் பொறுப்பில் ஒன்றை வாங்கி எல்லோரும் பயன்படுத்தலாம். வாடிக்கையாளரின் குளத்துக் கொள்ளளவையும், ஒவ்வொரு முறை அளந்த எண்ணையும், கொடுத்த சரக்கையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த முறை அவர் வரும்போது நமக்கே விஷயம் விளங்கிவிடும். மொத்த வியாபாரிகள் உப்பு மூட்டையோடு தமிழில் ஒரு சிறு துண்டுப் பிரசுரமும் அனுப்பினால் பேருதவியாக இருக்கும். ஆசிட் பதிவேட்டைப் பற்றியும் சரக்கைப் பிரித்து அடுக்குவது பற்றியும் கடையில் வேலை செய்யும் பையன்களுக்கு முதலாளியே ஒருமுறை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். நாம் இல்லாத நேரத்தில் அளந்து கொடுப்பவர்கள் அவர்கள்தான்.